ரொட்டி ஈஸ்ட்டின் ஒன்றுவிட்ட தங்கை

ரொட்டி வெந்துவிட்டதா என்று தெரிந்துகொள்ளக் கண் போதாது, காது வேண்டும். அடுப்பிலிருந்து எடுத்த முதல் ரொட்டியைக் கவிழ்த்து, அடிப்பக்கத்தை விரல் முட்டியால் தட்ட வேண்டும். உள்ளே ஈரம் மிச்சமிருந்தால் சத்தம் 'தொப்' என்று அமுங்கிவிடும். நன்றாக வெந்திருந்தால் காலி டப்பாவைத் தட்டினாற்போல 'டொக்' என்று கேட்கும். அந்த பேக்கரியில் முதல் ரொட்டியைத் தட்டுகிற உரிமை கல்யாணமான நாளிலிருந்து மாவுக்காரிக்குத்தான். அடுப்பைப் பார்த்துக்கொள்ளும் அவள் புருஷன் ரொட்டியைத் துணியில் ஏந்தி நீட்டுவான். அவள் தட்டித் தலையாட்டிய பிறகுதான் மற்ற ரொட்டிகள் வெளியே வரும்.

இப்போது அந்த முதல் ரொட்டி, கேக்குக்குப் பூ வைக்கப் புதிதாக வந்த க்ரீம்காரியிடம் போகிறது.

"டொக்குங்குது அண்ணே!"

"பரவால்லயே, நல்ல காதுதான் உனக்கு."

ஜன்னலோரம் மாவு பிசைந்துகொண்டிருந்தவளுக்கு இது ஒரு எழுத்து விடாமல் கேட்டது. இத்தனை வருஷத்தில் என் காதைப் பற்றி இந்த மனுஷன் ஒரு வார்த்தை பேசியிருப்பாரா? மாவைத் தூக்கி மேசையில் ஓங்கி அறைந்தாள்.

வயிறு எரிய இன்னொரு காரணமும் இருந்தது. அதை யாரிடமும் வாய்விட்டுச் சொல்ல முடியவில்லை. பிறப்புறுப்பில் தாங்க முடியாத அரிப்பு. திரிந்த பால் கட்டி கட்டியாக நிற்குமே, அதுபோல வெள்ளை படுகிறது. சிறுநீர் போனால் எரிகிறது. க்ரீம்காரி வந்தாள், இந்த அரிப்பு வந்தது, முதல் ரொட்டி கை மாறியது. மூன்றையும் கூட்டிப் பார்த்து விடையையும் அவளே சொல்லிக்கொண்டாள். இந்த மனுஷன் அங்கே போய் வாங்கிக்கொண்டு வந்து இங்கே கொடுத்திருக்கிறார்.

டாக்டரிடம் போகலாம்தான். ஆனால் ஆஸ்பத்திரி என்றாலே அவளுக்குப் பயம். பிரசவத்தின்போது வலியில் கத்தியவளை, "இப்ப கத்துறியே, அப்ப தெரியலையா?" என்று அங்கிருந்தவர்கள் கேட்டுச் சிரித்தார்கள். அந்தச் சிரிப்புக்குப் பிறகு எந்த டாக்டர் முன்னாலும் அவள் உட்கார்ந்ததில்லை. சமீபத்தில் பல் வீங்கியபோதுகூட மருந்துக் கடைக்காரர் கொடுத்த மாத்திரையை விழுங்கியே சமாளித்துவிட்டாள்.

இதற்கும் சொந்த வைத்தியம்தான். பேக்கரித் தட்டுகளில் பிசுக்கு ஏறினால் சோப்புப் போட்டுத் தேய்த்து, வினிகர் தண்ணீரில் அலசுவார்கள். பளிச்சென்று ஆகிவிடும். அதையே தனக்கும் செய்தாள். தட்டுக்கு இருந்த அதிர்ஷ்டம் அவளுக்கு இல்லை; எரிச்சல்தான் கூடியது.

ஒருநாள் கை கழுவும் இடத்தில் க்ரீம்காரி பக்கத்தில் வந்து நின்றாள்.

"அக்கா, ஒண்ணு கேட்டா கோச்சுக்க மாட்டீங்களே? நிக்க முடியாம நெளியிறீங்களே, கீழ அரிக்குதா?"

"உனக்கு யாரு சொன்னது?"

"யாரு சொல்லணும்? எனக்கும் வந்துச்சுக்கா. இதே மாதிரிதான் நெளிஞ்சேன். பஸ் ஸ்டாண்டு பக்கத்துல ஒரு டாக்டரம்மா இருக்காங்க, போய்ப் பாருங்க."

எனக்கும். அந்த 'உம்' மாவுக்காரியின் நெஞ்சில் ஊசியாக இறங்கியது. அவளுக்கு வந்ததேதான் எனக்கும் வந்திருக்கிறது. திருடியே வந்து வாக்குமூலம் கொடுத்துவிட்டாள். இனி வேண்டியது ஒரு சாட்சிதான். டாக்டரே அதைச் சொல்லிவிட்டால் அந்த மனுஷன் தப்ப முடியாது. பயம் போட்டிருந்த பூட்டைப் பொறாமை உடைத்துவிட்டது. அன்று மத்தியானமே போய் உட்கார்ந்துவிட்டாள்.

டாக்டரம்மா சிரிக்கவில்லை. "உள்ள பாக்கலாமாம்மா? வலிச்சா சொல்லுங்க, உடனே நிறுத்திடறேன்" என்றார். உள்ளே பார்க்கும் கருவியை வெந்நீரில் காட்டிச் சூடாக்கிய பிறகே கையில் எடுத்தார். ஜில்லென்ற இரும்பு பட்டால் உடம்பு தானாக இறுகும், இறுகினால் வலிக்கும், அதனால்தான். பஞ்சுக் குச்சியால் துளி எடுத்துக் கண்ணாடியில் தடவி மைக்ராஸ்கோப்பின் கீழ் வைத்தார்.

"எட்டிப் பாக்குறீங்களா?"

மெல்லிய நூல்கள் தெரிந்தன. நூலில் மணி கோத்தது போலச் சின்னச் சின்ன மொட்டுகள்.

"இது ஈஸ்ட்ம்மா."

"ஈஸ்ட்டா! நான் தெனம் அதைப் போட்டுத்தான டாக்டர் மாவு பிசையறேன்? அங்கேருந்து வந்துச்சா?"

"அது வேற. இது உங்க ரொட்டி ஈஸ்ட்டோட ஒண்ணுவிட்ட தங்கச்சின்னு வெச்சுக்கங்க. நம்ம உடம்புலயே கொஞ்சமா, சத்தம் போடாம இருக்கும்."

மாவுக்காரிக்குப் பொறுமை போய்விட்டது. "தங்கச்சி இருக்கட்டும் டாக்டர். எங்க வீட்டுக்காரர் வேற ஒருத்திகிட்ட போய் வாங்கிட்டு வந்ததுதான இது? அவளுக்கும் வந்திருக்கு. அவளே சொன்னா."

"நாலு பொம்பளைங்கள்ல மூணு பேருக்கு இது என்னைக்காவது ஒருநாள் வரும். அத்தனை பேர் வீட்டுக்கும் உங்க வீட்டுக்காரர் போயிட்டு வந்தாரா? பாவம், ரொட்டி சுட நேரம் கிடைச்சிருக்காதே!"

மாவுக்காரிக்குச் சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது. கோபமாக இருக்கவேண்டிய இடம் என்பதால் அடக்கிக்கொண்டாள்.

"சமீபத்துல ஏதாவது மாத்திரை போட்டீங்களா?"

பல் மாத்திரையைச் சொன்னாள். டாக்டரம்மாவின் முகம் தெளிந்தது. "அதான் விஷயம். உள்ள நல்ல பாக்டீரியா இருக்கு, தயிரைப் புளிக்க வைக்குமே, அந்தக் குடும்பம். புளிப்பை உண்டாக்கி ஈஸ்ட்டை அடக்கி வெச்சிருக்கும். பல்லுக்குப் போட்ட மாத்திரை அதையும் சேத்து அடிச்சிருச்சு. காவல் இல்லாத இடத்துல ஈஸ்ட் பெருகிருச்சு. நீங்க சோப்பு, வினிகர்னு ஊத்தி மிச்சமிருந்த காவலையும் கிளப்பிட்டீங்க."

மாவுக்காரிக்கு உடனே பிடிபட்டது. உப்புப் போட மறந்த மாவு இப்படித்தான். அடக்க ஆளில்லாமல் பாத்திரம் தாண்டி வழியும்.

தூங்கப் போகும்போது உள்ளே வைக்க மாத்திரை எழுதிக் கொடுத்தார் டாக்டரம்மா. அரிப்பு நின்றாலும் மாத்திரை தீரும்வரை நிறுத்தக்கூடாது, உள்ளே எதையும் ஊற்றிக் கழுவக்கூடாது, வெளியே வெறும் தண்ணீர் போதும், பருத்தி உள்ளாடை போடவேண்டும் என்றார். ரத்தத்தில் சர்க்கரை கூடினாலும் இது வருமாம்; எதற்கும் இருக்கட்டும் என்று அதையும் பார்த்தார். சரியாகவே இருந்தது.

மாத்திரை தீர்ந்தது, அரிப்பும் போனது. மாவுக்காரி மறுபடி அடுப்புப் பக்கம் வந்து நின்றாள். புருஷன் வியர்வையைத் துடைத்துக்கொண்டே பார்த்தான்.

"இப்பதான் வழி தெரிஞ்சுதாக்கும்? மேசையை ஜன்னலோரம் இழுத்துப் போட்டுக்கிட்டு இந்தப் பக்கமே எட்டிப் பாக்கல. கூப்பிட்டாலும் வரல. அதுக்குள்ள ரொட்டி கருகிருமே, யாராவது தட்டணுமில்ல?"

மேசையை இழுத்தது அவளேதான். அடுப்புச் சூடு பட்டால் அரிப்பு கூடியது, அதனால் தள்ளிப் போனாள். கூட்டல் கணக்கில் அது மட்டும் விட்டுப்போயிருந்தது.

"போனீங்களாக்கா? என்ன சொன்னாங்க?" க்ரீம்காரி காதோரம் கேட்டாள்.

"பல்லுக்குப் போட்ட மாத்திரையால வந்துச்சாம்."

"எனக்கும் மாத்திரைதான்கா. சளிக்குப் போட்டது."

இந்த முறை அந்த 'உம்' குத்தவில்லை. புருஷன் முதல் ரொட்டியைத் துணியில் ஏந்தித் திரும்பினான். எதிரே இரண்டு பெண்கள். யாரிடம் நீட்டுவது என்று தெரியாமல் விழித்தான். மாவுக்காரி வெடுக்கென்று வாங்கிக் கவிழ்த்துத் தட்டினாள்.

டொக்.

தலையாட்டினாள். க்ரீம்காரியின் முகம் லேசாகச் சுண்டியது. அந்த வாட்டம் எதனால் என்று மாவுக்காரிக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. இரண்டாவது ரொட்டியை எடுத்து அவளிடம் நீட்டினாள்.

"இந்தா, இதை நீ தட்டு. உனக்கும் நல்ல காதுன்னு சொன்னாங்க. ஆனா முதல் ரொட்டி என்னுது."