ஆளில்லாமல் ஓடிய கிரைண்டர்

பஸ் ஜெயங்கொண்டம் தாண்டும்போதே வானம் கறுக்கத் தொடங்கிவிட்டது. கலையரசி அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. பெரம்பலூரில் தம்பிக்குப் பிறந்த குழந்தையைப் பார்த்துவிட்டு, அரியலூரில் பஸ் மாறி, ஆண்டிமடத்துப் பக்கம் இருந்த தன் ஊருக்குத் திரும்பிக்கொண்டிருந்தாள். அன்றைக்கு வெள்ளிக்கிழமை. ஜெபவீட்டில் உபவாச ஜெபம் காலையிலேயே தொடங்கியிருக்கும். தாமதமாகிவிட்டதே என்பதுதான் அவள் கவலை.

அந்த மாதம் முழுக்க பாஸ்டர் ஆண்டவரின் இரண்டாம் வருகையைப் பற்றியே பேசிவந்தார். எக்காளம் முழங்கும். விழித்திருக்கிறவர்கள் கண்ணிமைக்கிற நேரத்தில் மேகங்களுக்குள் எடுத்துக்கொள்ளப்படுவார்கள். ஊருக்கும் உலகத்துக்கும் அது தெரியவே தெரியாது, அதனால்தான் அதற்கு ரகசிய வருகை என்று பெயர். இரண்டு பெண்கள் ஒரே இடத்தில் மாவு அரைத்துக்கொண்டிருப்பார்கள். ஒருத்தி போய்விடுவாள், ஒருத்தி நிற்பாள். இந்த இடம் வரும்போதெல்லாம் கலையரசிக்குத் தன் ஓரகத்தி அடைக்கலமேரியின் முகம் ஞாபகம் வரும். உடனே தலையைக் குனிந்துகொள்வாள்.

அடைக்கலமேரி அவள் கணவனின் அண்ணன் மனைவி. பக்கத்து வீடு. ஏலாக்குறிச்சி அடைக்கல மாதாவுக்கு நேர்ந்து பிறந்தவள் என்பதால் அந்தப் பெயர். கலையரசியும் அவள் கணவனும் மாதா கோவிலை விட்டு ஜெபவீட்டுக்கு மாறிய பிறகும் அவள் ஒன்றும் சொன்னதில்லை. இந்த ஈஸ்டர் அன்று காலையில், வழக்கம்போலத் தூக்கு நிறைய கறிக்குழம்பும் இட்லியும் எடுத்துக்கொண்டு வந்தாள். ஆண்டவர் உயிர்த்துவிட்டார், சாப்பிடு என்றாள். ஜெபவீட்டில் அப்போதுதான் புதிதாக ஞானஸ்நானம் எடுத்திருந்த வேகம் கலையரசிக்கு. தூக்கை வாங்காமல் வாசலிலேயே நின்று, தெருவே கேட்கும்படி சொன்னாள்:

"இதெல்லாம் வேணாங்க்கா. வருகையில நீங்க கைவிடப்படப் போறீங்க. மொதல்ல அதுக்கு ஒரு வழியப் பாருங்க."

அடைக்கலமேரி தூக்கை மூடிக்கொண்டு போய்விட்டாள். அன்றிலிருந்து இரண்டு வீட்டுக்கும் நடுவே இருந்த வேலியைத் தாண்டி ஒரு வார்த்தை வந்ததில்லை. போன ஞாயிறு மாதா கோவிலில் ஆண்டவரின் விண்ணேற்புத் திருநாள். அதற்கும் பலகாரம் வரவில்லை. சத்தியத்தைத்தானே சொன்னோம் என்று கலையரசி தனக்குள் எத்தனையோ முறை சொல்லிக்கொண்டாள். ஆனாலும் அந்த வார்த்தை தொண்டையில் மாட்டிய மீன்முள் மாதிரி உறுத்திக்கொண்டே இருந்தது.

ரோட்டில் இறங்கி முந்திரிக்காட்டு வழியாக நடந்தபோது காற்று தூக்கியடித்தது. கிழக்கே வெட்டிய மின்னல் மேற்கு வரைக்கும் கிழித்துக்கொண்டு போனது. இடியோடு இடியாக எங்கிருந்தோ ஒரு நீண்ட முழக்கம் கேட்டது. நிற்காமல், மூச்சு விடாமல், வானம் முழுக்க ஒரே சத்தம். முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு ஓட்டமும் நடையுமாக ஜெபவீட்டுக்கு வந்து சேர்ந்தாள்.

வாசலில் செருப்புகள் வரிசையாகக் கிடந்தன. கணவனுடையது, வார் அறுந்து ஊக்கு குத்திய தன் மகளுடையது, பாஸ்டரின் கறுப்புச் செருப்பு, எல்லாம் இருந்தன. நல்லவேளை, இன்னும் முடியவில்லை என்று உள்ளே நுழைந்தாள்.

உள்ளே யாரும் இல்லை.

மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. மைக்கிலிருந்து உஸ்ஸென்று சத்தம் வந்துகொண்டிருந்தது. பாயில் வேதப்புத்தகங்கள் திறந்தபடி கிடந்தன, காற்றில் தாள்கள் தாமாகவே புரண்டன. யாரோ ஒரு குழந்தையின் பால்புட்டி உருண்டு சுவரோரம் நின்றது. மேடைமேல் பாஸ்டரின் கண்ணாடி இருந்தது. கண்ணாடி இல்லாமல் அவருக்கு வாசல்படிகூடத் தெரியாது. கணவனுக்குப் போன் போட்டாள். மணி அந்த அறைக்குள்ளேயே, சுவரில் மாட்டியிருந்த அவன் பைக்குள் அடித்தது.

அப்போதுதான் அந்த முழக்கம் அவளுக்குப் புரிந்தது. பாயில் உட்கார்ந்துவிட்டாள். வந்துவிட்டார். எல்லோரையும் அழைத்துக்கொண்டு போய்விட்டார். அவள் மட்டும் நிற்கிறாள்.

ஏன் என்று அவள் யோசிக்கக்கூட இல்லை. ஏன் என்று அவளுக்குத் தெரியும்.

அழுகைகூட வரவில்லை. ஒரே ஒரு நினைப்புதான் வந்தது. அக்காவும் இருப்பாள். அவள் ஜெபவீட்டுக்கு வராதவள், அவளும் நின்றிருப்பாள். இனி என்ன கஷ்டம் வந்தாலும் இரண்டு பேருமாகப் பட வேண்டியதுதான். அவள் காலில் விழுந்தாவது மன்னிப்புக் கேட்டுவிட வேண்டும். கலையரசி எழுந்து தெருவில் இறங்கி ஓடினாள்.

தெருவிலும் ஆள் இல்லை. கதவுகள் திறந்து கிடந்தன. கோழிகள் தம்பாட்டுக்கு மேய்ந்தன. அரியமுத்து டீக்கடையில் அடுப்பு எரிந்துகொண்டிருந்தது, பால் பொங்கி வழிந்துகொண்டிருந்தது, அரியமுத்துவைக் காணோம். கலையரசி திகைத்து நின்றாள். அரியமுத்து அண்ணன் அய்யனாருக்குப் பூசை போடுகிறவர். ஒருநாளும் எந்த ஜெபத்துக்கும் வந்ததில்லை. அவரையுமா? பஸ் நிறுத்தத்தில் தனக்குத்தானே பேசிக்கொண்டு திரிகிற ஒரு மனுஷனுக்குத் தினமும் காலையில் முதல் டீயை அவர்தான் கொடுப்பார், காசு வாங்கமாட்டார். ஒருவேளை ஆண்டவர் அதைக் குறித்து வைத்திருப்பாரோ என்று நினைத்தபடியே அடுப்பை அணைத்தாள். கைவிடப்பட்ட உலகத்திலும் பால் வீணாகலாமா?

அடைக்கலமேரி வீட்டு வாசலில் நின்று, "அக்கா" என்று கூப்பிட்டாள். எத்தனையோ நாளுக்குப் பிறகு அந்த வார்த்தை வாயிலிருந்து வந்தது. உள்ளே கிரைண்டர் ஓடும் சத்தம் கேட்டது. அப்பாடா, இருக்கிறாள். கண்ணீர் பொங்க அடுக்களைக்குள் நுழைந்தாள்.

கிரைண்டர் மட்டும்தான் ஓடிக்கொண்டிருந்தது. அரைகுறையாக அரைபட்ட உளுந்து கல்லைச் சுற்றிச் சுற்றி வந்துகொண்டிருந்தது. பக்கத்தில் தண்ணீர்ச் சொம்பு, கவிழ்ந்த மணை. ஆள் இல்லை.

கலையரசி கதவு நிலையைப் பிடித்துக்கொண்டாள். இரண்டு பெண்கள் என்று படித்தோமே, ஒருத்தி போவாள், ஒருத்தி நிற்பாள் என்று. போனவள் அடைக்கலமேரி. நிற்கிறவள் தான்.

அந்த நொடியில் அவளுக்குள் நடந்ததை அவள் பிற்பாடு யாரிடமும் சரியாக விளக்க முடிந்ததில்லை. பயம் இருந்தது. ஆனால் அதையெல்லாம் மீறிக்கொண்டு ஒரு சந்தோஷம் வந்தது. அக்காவை எடுத்துக்கொண்டாரே! நான் சொன்னது பொய்யாகிவிட்டதே! மூடிய தூக்கோடு தலை குனிந்து போன அந்த அக்கா இப்போது அவர் பக்கத்தில் இருப்பாளே. மனது திடீரென்று லேசாகிவிட்டது. கிரைண்டரை நிறுத்தினாள். மாவின்மேல் தூசி விழாமல் தட்டைப் போட்டு மூடினாள். யார் சாப்பிடப் போகிறார்கள் என்று அப்போது அவள் நினைத்துப் பார்க்கவில்லை.

மறுபடியும் அந்த முழக்கம் எழுந்தது. இந்த முறை மிகப் பக்கத்தில், கொல்லைப் பக்கமிருந்து. கலையரசி கொல்லைக் கதவைத் திறந்துகொண்டு, முந்திரி மரங்களுக்கு நடுவே சத்தம் வந்த திசையில் ஓடினாள். கிளைகள் சேலையைப் பிடித்து இழுத்தன. அவர் இன்னும் போகவில்லையோ என்னவோ, கடைசியாக ஒருமுறை கெஞ்சிப் பார்க்கலாம். அவ்வளவுதான் அவள் எண்ணம்.

மரங்கள் முடிந்த இடத்தில் கலியம்மாளின் களம். அங்கே மொத்த ஊரும் இருந்தது.

கலியம்மாள் புருஷனை இழந்தவள். அந்தப் பருவம் முழுக்கப் பொறுக்கிய முந்திரிக்கொட்டையைக் களம் கொள்ளாமல் காயப் போட்டிருந்தாள். நனைந்தால் கறுத்துப் பூஞ்சை பிடித்துவிடும், அப்புறம் எந்த வியாபாரியும் தொடமாட்டான். பாஸ்டர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வெறுங்காலோடு துடைப்பத்தால் கூட்டித் தள்ளிக்கொண்டிருந்தார். கண்ணாடி இல்லாததால் கொட்டையோடு சேர்த்துக் கலியம்மாளின் கோழியையும் தள்ளினார். அவள் மகளும் ஜெபத்துக்கு வந்த மற்றவர்களும் கூடையில் அள்ளினார்கள். மாதா கோவில் பாடற்குழுப் பெண்கள் சாக்கு தூக்கினார்கள். அவள் கணவனும் அரியமுத்துவும் தார்ப்பாயின் ஆளுக்கொரு முனையைப் பிடித்துக் காற்றோடு மல்லுக்கட்டினார்கள். களத்தோரம் லப்பைக்குடிக்காட்டு வியாபாரி அப்துல் மஜீது பாயின் லாரி நின்றது. சரக்கு ஏற்ற வந்தவர் மேகத்தைப் பார்த்துவிட்டு, ஊரைக் கூப்பிட வேறு வழி தெரியாமல் ஹாரனை அழுத்திப் பிடித்திருக்கிறார். இன்னும் வராதவர்களுக்காக விட்டு விட்டு அழுத்திக்கொண்டிருந்தார்.

கலையரசி அப்படியே நின்றாள். வானத்தைப் பார்த்தாள், களத்தைப் பார்த்தாள், மறுபடி வானத்தைப் பார்த்தாள்.

"ஏய் அரசி, அங்க நின்னு வானத்தப் பாத்துக்கிட்டு என்னடி பண்ற? வந்து சாக்கப் புடி."

அடைக்கலமேரிதான். கூடையோடு நின்றாள். பேசாமல் இருந்த நாட்களெல்லாம் அவசரத்தில் மறந்துபோயிருந்தன. கலையரசி ஓடிப் போய்ச் சாக்கின் வாயை விரித்துப் பிடித்தாள். அக்கா கொட்டினாள், இவள் குலுக்கினாள், அக்கா மறுபடி கொட்டினாள். முதல் சொட்டு விழுந்தபோது களத்தில் பாதி மிச்சம் இருந்தது. முறத்தாலும் கையாலும் முந்தானையாலும் அள்ளினார்கள். மழை அடித்துக் கொட்டத் தொடங்கியபோது கடைசிச் சாக்கும் தார்ப்பாய்க்குள் போயிருந்தது. ஊர் முழுக்கக் களத்து ஓரக் கொட்டகைக்குள் நெருக்கியடித்துக்கொண்டு சிரித்தது.

கலையரசி மட்டும் அழுதாள். என்னடி ஆச்சு என்று அடைக்கலமேரி தோளைப் பிடித்து உலுக்கிக் கேட்டபோது எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள். செருப்பு, கண்ணாடி, பைக்குள் அடித்த போன், பால், கிரைண்டர். முதலில் சிரித்தது அவள் கணவன்தான். களம் பின்பக்கம் என்பதால் எல்லோரும் கொல்லைக் கதவு வழியாக ஓடியதாகவும், செருப்பு மாட்ட நேரமில்லை என்றும் விளக்கினான். அரியமுத்து பால் நின்றதா போனதா என்று கேட்டார். அணைத்துவிட்டேன் என்று அவள் சொன்னதும், வருகையே வந்தாலும் கடையைப் பார்த்துக்கொள்ள ஆள் இருக்கிறது என்று திருப்திப்பட்டுக்கொண்டார்.

பிறகு பேச்சு எங்கெங்கோ போனது. ரகசியமாக வருவார் என்று ஜெபவீட்டுக்காரர்கள் சொன்னார்கள். உலகமே பார்க்கத்தான் வருவார், அதுவரைக்கும் ஒவ்வொரு பூசையிலும் அப்பத்தில் வருகிறாரே என்றார்கள் கோவில்காரர்கள். எங்கள் மார்க்கத்திலும் ஈசா நபி திரும்பி வருவார் என்றார் மஜீது பாய். யார் வருவதானாலும் கொட்டை காய்ந்த பிறகு வரச் சொல்லுங்கள் என்றாள் கலியம்மாள். கொட்டகையே அதிர்ந்தது.

பாஸ்டர் மட்டும் சிரிக்கவில்லை. கண்ணைச் சுருக்கிக் கலையரசி நின்ற பக்கம் பார்த்தார்.

"முழிச்சிருங்கன்னுதாம்மா சொன்னேன். யாரு கைவிடப்படுவாங்கன்னு நான் எப்பவாவது சொன்னேனா? அது எனக்கே தெரியாதே."

கலையரசி அக்காவின் பக்கம் திரும்பினாள். ஈரத்தில் இரண்டு பேர் உடம்பும் நடுங்கிக்கொண்டிருந்தது.

"கிரைண்டர் தானா ஓடிக்கிட்டு இருந்துச்சுக்கா. உங்களக் காணோம். உங்கள எடுத்துக்கிட்டாருன்னு நெனச்சேன். என்னைய விட்டுட்டாருன்னுகூட எனக்கு அப்பத் தோணல. நீங்க போயிட்டீங்கன்னு சந்தோஷமா இருந்துச்சு."

அடைக்கலமேரி முந்தானையைப் பிழிந்து அவள் தலையைத் துவட்டினாள்.

"நான் செத்துத் தொலைஞ்சா சந்தோஷம்ங்கற," என்றாள். சொல்லும்போதே உதடு கோணிச் சிரிப்பு வந்துவிட்டது. சிரிப்போடு கண்ணும் நிறைந்துவிட்டது. "அன்னைக்கி நீ சொன்னப்ப எனக்கு ரொம்ப வலிச்சிச்சுடி."

"தெரியும்க்கா. என்னைய மன்னிச்சிருங்க."

"உயிர்த்து எழுந்தவரு மகுடம் வச்சுக்கிட்டா திரிஞ்சாரு? ராத்திரியெல்லாம் வலைபோட்டு வெறுங்கையோட வந்த தன் சீடனுங்களுக்குக் கரையில அடுப்பு மூட்டி மீனு சுட்டுக் குடுத்தாரு. அத நெனச்சுதான் வருஷா வருஷம் தூக்கத் தூக்கிட்டு வரேன். எனக்குத் தெரிஞ்ச ஈஸ்டரு அவ்ளோதான்."

மழை விட்டதும் எல்லோரும் வெறுங்காலோடு சேற்றில் வழுக்கி வழுக்கி வீடு திரும்பினார்கள். ஜெபவீட்டில் பாஸ்டர் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு, மீதி ஜெபத்தைச் சுருக்கமாக முடித்தார். கலியம்மாளின் கொட்டைக்காக நன்றி சொன்னார்.

உபவாசம் முடிந்து கலையரசி நேராகத் தன் வீட்டுக்குப் போகவில்லை. வேலி ஓரத்து வழியில் முள் முளைத்திருந்தது. அதைக் காலால் ஒதுக்கிவிட்டு அடுத்த வீட்டு அடுக்களைக்குள் போனாள். அடைக்கலமேரி கிரைண்டர்மேல் மூடியிருந்த தட்டைத் திறந்து உள்ளே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பாதியில நிறுத்திட்டியேடி. உளுந்து அரைபடவே இல்ல."

"நீங்க திரும்பி வருவீங்கன்னு எனக்கென்ன தெரியும்?" என்றாள் கலையரசி.

மணையை நிமிர்த்திப் போட்டு அக்கா உட்கார்ந்தாள். கலையரசி சொம்பை எடுத்துக்கொண்டு எதிரில் உட்கார்ந்தாள். சுவிட்சைப் போட்டதும் கல் சுற்றத் தொடங்கியது. ஒருத்தி மாவைத் தள்ளிவிட, ஒருத்தி தண்ணீர் ஊற்றினாள். உளுந்து மெல்ல மெல்ல நுரைத்து மேலே வந்தது.