கழிவறைக்குப் போகும் ஷேர் ஆட்டோ

எனக்கு வெளிக்குப் போய் ஒன்பது நாள் முடிந்துவிட்டது. பத்தாம் நாள் காலை பத்து மணிக்குள் போகாத ஆளை மனிதர்கள் பட்டியலிலிருந்து எடுத்துக் கிடங்குகள் பட்டியலில் சேர்த்துவிடுவார்கள். கிடங்குத் துறை ஆய்வாளர் குணபாலன் எட்டரைக்கே இரும்புப் பெட்டியும் பூட்டும் அளவு நாடாவுமாக வந்துவிட்டார்.

என் மனைவி சுலோச்சனா அவருக்குக் காப்பி கொடுத்தாள். எனக்குக் கொடுக்கவில்லை. கிடங்குக்குள் ஈரம் போகக் கூடாது என்று ஆய்வாளர் சொல்லியிருந்தார்.

அவர் என் வயிற்றைச் சுற்றி நாடாவைப் பிடித்தார்.

"நாப்பது மூட்டை உளுந்து தாங்கும். எலித் தொல்லை உண்டா?"

"இல்லைங்க."

"வாயை நல்லாத் திறந்து சொல்லுங்க. காத்தோட்டம் பாக்கணும்."

பந்திக்கு முந்து என்பார்கள். எல்லாப் பந்திக்கும் முந்தியவன் நான். அதற்கப்புறம் நடக்கவேண்டிய காரியத்தில்தான் பிந்திவிட்டேன்.

"உளுந்து மூட்டைக்குப் பக்கத்துல நான் எப்படிங்க படுத்துத் தூங்குவேன்?" என்று சுலோச்சனா அழுதாள். எனக்கும் அழுகை வந்தது. ஒன்பது நாளில் என்னிடமிருந்து வந்தது அது ஒன்றுதான்.

எங்கள் வீட்டில் ஹாலிலிருந்து கழிவறைக்குப் போகும் நடை ஆறே எட்டு வைக்கிற தூரம். போகாத ஒவ்வொரு நாளும் அந்த நடை நீண்டது. நான்காம் நாள் டார்ச் எடுத்துப் போனேன். ஏழாம் நாள் பாதி வழியில் ஒரு டீக்கடை வந்தது. நேற்றிலிருந்து ஷேர் ஆட்டோ ஓடுகிறது.

மூவரும் ஏறினோம். ஆய்வாளர் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டார். சுலோச்சனா ஒரு செம்பு வெந்நீரை என்னிடம் நீட்டி, மிச்சம் வைக்காமல் குடிக்கச் சொன்னாள். ஆய்வாளர் முறைத்தார். குடித்தேன்.

ஓட்டுநர் ஜெபமேரி வண்டியை எடுக்கவில்லை.

"இன்னும் மூணு பேர் வரணும்."

"அவசரம்மா."

"நெசமாவே அவசரமா?"

யோசித்துப் பார்த்தேன். "இல்லை," என்றேன்.

மூன்று பேர் வந்தார்கள். ஒருவர் மடியில் பலாப்பழம் இருந்தது. மணி ஒன்பதே கால். அப்போதும் வண்டி நகரவில்லை.

"இதுல டீசல் கிடையாது சார். உங்க வயித்தைத் தடவுங்க. வலது இடுப்புல ஆரம்பிச்சு மேல ஏத்துங்க. விலாவுக்குக் கீழ குறுக்க வாங்க. இடது பக்கமா இறக்குங்க. அழுத்தாதீங்க, மெதுவா."

தடவினேன். ஆட்டோ வலப்பக்கம் மேடேறியது. குறுக்கே கொஞ்ச தூரம் ஓடியது. இடப்பக்கம் இறங்கியது. மறுபடி மேடேறியது. கை வலித்து நிறுத்தினேன். வண்டியும் நின்றது. கையை மாற்றியபோது திசையும் மாறிவிட்டது. ஆட்டோ டீக்கடை வரை பின்னாலேயே போனது.

"எங்களுக்கும் வேலைவெட்டி இருக்குய்யா," என்றார் பலாப்பழக்காரர்.

சுலோச்சனா என் கையைத் தள்ளிவிட்டுத் தானே தடவ ஆரம்பித்தாள். கல்யாணமாகி இருபத்தாறு வருஷத்தில் அவள் என் வயிற்றைத் தடவியதே இல்லை. எனக்குக் கூச்சமாகவும் சந்தோஷமாகவும் இருந்தது. வண்டி பறந்தது.

ஒன்பது ஐம்பதுக்கு இறங்கினோம். எங்கள் வீட்டில் இருப்பது வெஸ்டர்ன் டாய்லெட். நான் உள்ளே போய் நிமிர்ந்து உட்கார்ந்தேன். ஜெபமேரி கதவுக்கு அந்தப் பக்கம் நின்றபடியே கண்டுபிடித்துவிட்டார்.

"முட்டி இடுப்புக்கு மேல வரணும் சார். நாற்காலியில உக்கார்ற மாதிரி உக்காந்தா வயிறு இதை ஆபீஸுன்னு நெனச்சுக்கும். ஒரு வேலையும் நடக்காது."

காலை வைக்க உயரமாக ஒன்று வேண்டும். இருந்தது ஆய்வாளரின் பெட்டி மட்டும்தான்.

"அது அரசாங்கச் சொத்து," என்றார் ஆய்வாளர்.

சுலோச்சனா அதைப் பிடுங்கி வந்து என் காலடியில் வைத்தாள். கதவைச் சாத்திக்கொண்டு போனாள். முட்டி மேலே வந்தது.

"முக்காதீங்க," என்றார் ஜெபமேரி. "வயித்தை பலூனாட்டம் உப்பவிட்டு, வாயால மெதுவா மூச்சை விடுங்க."

விட்டேன். உள்ளே ஏதோ புரண்டது.

"வருதா சார்?" என்றார் ஆய்வாளர்.

திரும்பிப் போய்விட்டது.

மறுபடி மூச்சை இழுத்து விட்டேன். மறுபடி புரண்டது.

"வருதா?" என்று பயணிகள் எல்லோரும் கேட்டார்கள். அதுவும் போய்விட்டது. ரொம்பக் கூச்ச சுபாவம்.

"ரெண்டு நிமிஷம் இருக்கு," என்றார் ஆய்வாளர். அவர் கையிலிருந்த பூட்டின் சத்தம் கேட்டது. எனக்கு உண்மையாகவே பயம் வந்துவிட்டது. உளுந்து வாசனை அடித்தது.

"யாரும் ஒண்ணும் கேக்கக் கூடாது!" என்று சுலோச்சனா கத்தினாள். "அவரு பாட்டுக்கு இருக்கட்டும். எல்லாரும் அந்தப் பக்கம் திரும்புங்க!"

திரும்பினார்கள். நடை முழுக்க அமைதி. மூச்சை இழுத்தேன். விட்டேன். இழுத்தேன். விட்டேன்.

வந்தது. முரண்டு பிடிக்காமல், மரியாதையாக வந்தது. இவ்வளவு ஆனந்தத்தை நான் எந்தப் பந்தியிலும் அடைந்ததில்லை.

வெளியே நடை சுருங்கியது. ஆட்டோ சுவரில் உரசியது. பலாப்பழம் பத்திரம் என்று யாரோ சொன்னார்கள். ஹால் கடிகாரம் பக்கத்திலேயே பத்து அடித்தது.

ஆய்வாளர் பூட்டால் கதவைத் தட்டினார்.

"கிடங்கைத் திறங்க."

"உள்ள ஆள் இருக்கு," என்றேன்.

ஆய்வாளர் தட்டுவதை நிறுத்தினார்.

"கேட்டுச்சுல்ல?" என்றாள் சுலோச்சனா. "அப்படியே எழுதிக்குங்க."