பேட்டோ ஏரிக்குத் திரும்பிய பஸ்

எங்கள் பஸ் டிரைவர் கார்த்துக்குத் தலை எண்ணும் வழக்கமே கிடையாது. ஒவ்வொரு இடத்திலிருந்து கிளம்பும்போதும் மைக்கில் ஒரே கேள்விதான்.

"பக்கத்து சீட்டு ஆள் வந்தாச்சா? யாரையாச்சும் வேணும்னே விட்டுட்டு வந்திருந்தா இப்பவே சொல்லிடுங்க."

எல்லோரும் சிரிப்பார்கள். பான்ஃபிலிருந்து ஜாஸ்பர் போகும் அந்தச் சுற்றுலா பஸ்ஸில் அத்தனை பேரும் ஜோடி ஜோடியாக வந்தவர்கள். என் புருஷன் ஓரெஸ்ட் போன வருஷம் போய்ச் சேர்ந்துவிட்டதால், என் பக்கத்தில் சாப்பாட்டுப் பை உட்கார்ந்து வந்தது. மலை பார்க்கப் போகிறேன் என்று மகளிடம் சொன்னது பொய். நாலு பேரோடு பேசத்தான் வந்தேன். சஸ்காச்சுவான் கோதுமைக் காட்டின் நடுவில் எத்தனை நாள்தான் ரேடியோவோடு பேசுவது?

"தனியாவா வந்திருக்கீங்க டாரியா? தைரியம்தான் உங்களுக்கு," என்றாள் முன்சீட்டு நோரீன், முதல் நாள். தைரியமாம். வேறு வழியில்லாததற்கு அப்படியும் ஒரு பெயர். சொல்லிவிட்டுப் புருஷன் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

பேட்டோ ஏரியைப் பார்க்க மேலே நடந்து போனேன். பால் கலந்த நீலம், அதற்கு மேலே பனியாறு. அழகுதான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் "இங்க பாரேன்" என்று சொல்ல ஆளில்லாவிட்டால் எந்த அழகும் சீக்கிரம் அலுத்துவிடுகிறது. முழங்கால் வலியோடு மெதுவாக இறங்கி வந்தேன். பஸ்ஸைக் காணோம்.

அந்தச் சாலையில் போன் வேலை செய்யாது. செப்டம்பர் கடைசி, வேறு வண்டியும் இல்லை. பயமாக இருந்ததா என்றால், இல்லை. சொன்னால் சிரிப்பீர்கள், உள்ளுக்குள் ஒரு சின்ன சந்தோஷம். இந்நேரம் நோரீன் எதற்காவது பின்னால் திரும்பியிருப்பாள். "ஐயோ, டாரியா எங்க?" என்று கேட்டிருப்பாள். எனக்காக ஒரு பஸ்ஸே பதறிக்கொண்டிருக்கும். பெஞ்சில் உட்கார்ந்து சாலையையே பார்த்துக்கொண்டிருந்தேன். வெயில் மலைக்குப் பின்னால் போய், விரல்கள் விறைத்த பிறகுதான் பஸ் வந்தது.

எழுந்து நின்றேன். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், கண் கலங்கிவிட்டது. முதலில் இறங்கி ஓடி வந்தவள் நோரீன்தான். நான் கையைக்கூட நீட்டிவிட்டேன். அவள் என்னைத் தாண்டிக் கழிப்பறைக்குள் ஓடினாள். மறந்து வைத்துவிட்டுப் போன தன் கைப்பையை மார்போடு அணைத்துக்கொண்டு வெளியே வந்தாள். பஸ்ஸுக்குள் எல்லோரும் கைதட்டினார்கள்.

கார்த் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தார்.

"வேற யாரும் இறங்க வேணாம்னு சொன்னேனே. நீங்க எப்ப இறங்கினீங்க, டாரியா?"

"இப்பத்தான். கால் மரத்துப்போச்சு," என்றேன்.

"சரி, ஏறுங்க. ஏற்கெனவே லேட்டு."

ஏறி உட்கார்ந்தேன். உன்னால்தான் இவ்வளவு தாமதம் என்று அன்றைக்கு யாராவது ஒருத்தர் திட்டியிருந்தால், அவரைக் கட்டிப் பிடித்து அழுதிருப்பேன்.