எழுந்து நிற்க வைத்தவள்

திண்டிவனத்திலிருந்து மயிலம் போகிற வழியில் பஸ்ஸை விட்டு இறங்கி உள்ளே நடந்தால் ஓர் ஏரி வரும். ஏரிக்கரையை ஒட்டி காலனி. காலனியில் எந்த வீட்டிலும் கக்கூஸ் கிடையாது. அதனால் விடியற்காலையில் அந்தக் கரைக்கென்று ஒரு சட்டம் உண்டு. மதகுக்கு இந்தப் பக்கம் பெண்கள், அந்தப் பக்கம் ஆண்கள். தப்பித்தவறி ஓர் ஆண் இந்தப் பக்கம் கரைமேல் நடந்து வந்துவிட்டால், சரிவில் உட்கார்ந்திருக்கும் பெண்கள் சட்டென்று எழுந்து முகத்தைத் திருப்பிக்கொண்டு நிற்பார்கள். அவனும் தலையைக் கவிழ்த்துக்கொண்டு வேகமாகக் கடந்துவிடுவான். பிறகு உட்காருவார்கள். வருகிறவள் பெண்ணாக இருந்தால் எழ வேண்டியதில்லை.

வேணிக்கு இந்தச் சட்டம் நன்றாகத் தெரியும். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அவளும் அதற்குள் இருந்தவள்தான். அதைத் தானே தினமும் உடைத்துக்கொண்டிருக்கிறோம் என்பதுதான் தெரியாமல் போயிற்று.

அது இரண்டாயிரத்துப் பத்தாம் வருஷம். போலீஸ் வேலைக்கான எழுத்துப் பரீட்சையில் வேணி தேறியிருந்தாள். கணவன் இனியவன் பைபாஸ் ரோட்டில் லாரி மோதிப் போய்ச் சேர்ந்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது. ஆதரவற்ற விதவை என்கிற சான்றிதழால் வயசில் சலுகை கிடைத்தது. அந்தச் சலுகையும் அடுத்த முறைக்கு எட்டாது. மிச்சமிருந்தது விழுப்புரத்தில் நடக்கும் உடல் தகுதித் தேர்வு. நானூறு மீட்டரைக் குறித்த நேரத்துக்குள் ஓடி முடிக்க வேண்டும். முடிக்காதவர்கள் அன்றைக்கே வீட்டுக்குப் போகலாம். மல்லாட்டைக் கொல்லையில் கடலைச் செடி பிடுங்கிக் குனிந்தே பழகிய உடம்பு அவளுடையது. பஸ்ஸைப் பிடிப்பதற்குத் தவிர வேறு எதற்கும் ஓடியதில்லை.

ரோட்டில் ஓடலாமென்றால் லாரிக்காரர்கள் ஹாரன் அடித்துக் கூப்பிட்டார்கள். பெண்கள் இருக்கிற இடம்தானே பத்திரம் என்று மதகிலிருந்து பனைமரம் வரைக்கும் கரைமேல் ஓட ஆரம்பித்தாள். புடவையோடு ஓட முடியாது. டிராக் பேண்ட் ஒன்று வாங்கினாள். மேலே இனியவனின் முழுக்கை சட்டை. பனிக்குத் தலையில் ஒரு துண்டு. பாதி தூரத்திலேயே நெஞ்சு அடைத்து, விலாவில் குத்தி, கண் இருட்டிக்கொண்டு வரும். நின்று மூச்சு வாங்கிவிட்டுத் திரும்பி ஓடுவாள். சரிவில் யார் உட்கார்ந்திருக்கிறார்கள், யார் எழுந்து நிற்கிறார்கள் என்று பார்க்க அவளுக்கு ஏது கண்?

ஒரு நாள் பனைமரத்திலிருந்து திரும்பும்போது தோளில் சுரீரென்று ஒரு கல் வந்து விழுந்தது.

"எவன்டா அவன்? போனமா வந்தமான்னு இல்லாம, பொம்பளைங்க குந்துற எடத்துல போறதும் வர்றதும், போறதும் வர்றதும்!" இருட்டிலிருந்து சவுரியம்மாளின் குரல். இரண்டாவது கல்லும் அவள் கையில் தயாராக இருந்தது.

"ஐயோ, நான்தான் யக்கா! வேணி!"

சரிவெங்கும் சிரிப்பு பற்றிக்கொண்டது.

"நீயாடி? இன்னா கோலம்டி இது? யாரோ ஆம்பளைன்னு ஒரு வாரமா எழுந்து நிக்கிறோம், குந்துறோம், எழுந்து நிக்கிறோம். எங்களுக்கும் சேர்த்து எக்சசைஸ் குடுக்கிறியா?"

"எனக்கு மூட்டு வலியே போயிடுச்சு," என்றாள் இன்னொருத்தி.

வேணிக்குச் சிரிப்பு வரவில்லை. தோளைத் தேய்த்துக்கொண்டு நின்றாள். விஷயத்தைச் சொன்னதும் சவுரியம்மாள் கொஞ்சம் தணிந்தாள். இரண்டு ஆடு வளர்க்கிறவள், வாய் பெரிது.

"ஓடு, வேணாங்கல. ஆனா நீதான்னு எங்களுக்கு எப்படித் தெரியும்? கால்ல கொலுசு போட்டுக்கினு ஓடு. சத்தம் கேட்டா நாங்க பாட்டுக்கு இருப்போம்."

வேணி வீட்டுக்கு வந்தாள். ஆனால் அவளுக்கு முன்பே பேச்சு வீட்டுக்கு வந்து சேர்ந்திருந்தது. மாமியார் அஞ்சம்மாள் அடுப்பில் கேப்பைக் கூழைக் கிளறிக்கொண்டிருந்தாள். அந்த வீட்டில் இப்போது இருந்தது இந்த இரண்டு பெண்கள்தான்.

"கொலுசு போட்டுக்கப் போறியாமே," என்றாள் அஞ்சம்மாள், முகத்தைத் திருப்பாமல்.

"நான் எங்க அத்தை சொன்னேன்?"

"கருமாதி அன்னிக்கு நான்தான் கழட்டினேன். என் கையாலயே கழட்டினது. ஊரு இன்னா சொல்லும்?"

பின்னாலேயே வந்து வாசலில் நின்றிருந்த சவுரியம்மாள் உள்ளே தலையை நீட்டினாள். "ஊருதான்மா போட்டுக்கச் சொல்லுது. கரையில குந்துறது யாரு, ஊரு இல்லியா?"

"நீ சும்மா இரு சவுரி. உங்க வேதக்காரங்க வழக்கம் வேற."

"சரி, கொலுசு வேணாம். வேற வழியா இல்ல?" என்று போனவள், திரும்பி வந்தபோது கையில் ஆட்டின் கழுத்திலிருந்து அவிழ்த்த வெண்கல மணி இருந்தது. கயிற்றோடு வேணியின் இடுப்பில் வைத்துக் கட்டினாள். ஒரு தட்டுத் தட்டிப் பார்த்தாள். "இதுக்கு எந்த ஊரும் ஒண்ணும் சொல்லாது."

அஞ்சம்மாள் துடுப்பை அடுப்பில் தட்டிய தட்டில் அவள் சொல்ல வேண்டியதெல்லாம் இருந்தது.

மறுநாளிலிருந்து கரைமேல் மணி ஓடியது. பெண்கள் எழுந்திருக்கவில்லை. ஆனால் பெயர் வைத்துவிட்டார்கள். "ஆடு வருதுடி", "இன்னிக்கு ஆடு மெதுவா மேயுது", "கிடாயா, பெட்டையா?" பகலில் குழாயடியில்கூட அவளைப் பார்த்தால் யாராவது மெல்ல "மே" என்பார்கள். வேணியும் சிரித்து வைப்பாள். வீட்டுக்கு வந்து மணியை அவிழ்க்கும்போது, இந்த வயசில் இது நமக்குத் தேவையா என்று தோன்றும். ஓட்டமாவது கூடியதா என்றால் அதுவுமில்லை. அதே பாதி தூரம், அதே விலாக் குத்தல். பரீட்சைக்குப் படித்தபோது ஒரு பக்கம் படித்தால் ஒரு பக்கம் மண்டையில் ஏறியது. உடம்பு அப்படி இல்லை. நேற்று ஓடியதை இன்றைக்கு மறந்துவிட்டுப் புதிதாக அழுதது.

ஞாயிற்றுக்கிழமை திண்டிவனத்தில் ஒரு பள்ளிக்கூட மைதானத்தில், தேர்வுக்குப் போகிற பெண்கள் சேர்ந்து ஓடுவதாகச் சொல்லி, கோச்சிங் சென்டரில் கூடப் படித்த தேவயானி கூப்பிட்டாள். தேவயானிக்கு இருபத்திரண்டு வயசு. கண்டமங்கலத்துப் பெண், கபடி ஆடியவள். அவசரமாக பஸ் ஏறிப் போன வேணி மற்றவர்களோடு வரிசையில் நின்றாள். விசில் அடித்ததும் ஓடினாள். அப்போதுதான் இடுப்பில் மணி அடித்தது. கரையிலிருந்து வந்த வேகத்தில் அவிழ்க்க மறந்திருந்தாள், சட்டைக்குள் கிடந்திருக்கிறது.

முன்னால் ஓடிய பெண்கள் திரும்பிப் பார்த்தார்கள். ஒருத்தி சிரித்ததில் கால் இடறி நின்றேவிட்டாள். வேணி ஒரு கையால் மணியைப் பொத்திக்கொண்டு ஓடினாள். ஒரு கையால் ஓட முடியுமா? எல்லோரும் முடித்து, தண்ணீர் குடித்து, செருப்பு மாட்டுகிற நேரத்தில் அவள் வந்து சேர்ந்தாள். கோட்டைத் தாண்டியதும் குனிந்து வாந்தி எடுத்தாள்.

"அக்கா, உங்களுக்கு எதுக்குக்கா இந்தக் கஷ்டம்?" என்று தேவயானி முதுகைத் தடவிவிட்டாள். நல்ல மனசோடு கேட்டதுதான். அதுதான் அதிகமாக வலித்தது.

மறுநாள் வேணி கரைக்கு ஓடப் போகவில்லை. அதற்கடுத்த நாளும் போகவில்லை. மணியைச் சவுரியம்மாளிடமே திருப்பிக் கொடுத்துவிட்டாள். அஞ்சம்மாள் ஏன் என்று கேட்கவில்லை. கருவாட்டுக் குழம்பு வைத்தாள். வேணிக்குப் பிடிக்குமென்று முருங்கைக்கீரை ஆய்ந்தாள். "வளவனூர்ல உங்க சின்ன மாமனார் வீட்டுக் கொல்லையில கரும்பு வெட்டாம். ரெண்டு பேருமா போய் ஒரு மாசம் இருந்துட்டு வரலாம்," என்றாள். இத்தனை சந்தோஷமாக அவளைப் பார்த்து வெகு காலமாயிற்று என்று வேணி நினைத்துக்கொண்டாள். அதற்கு மேல் யோசிக்க அவளுக்குத் தெம்பில்லை.

அந்த வாரக் கடைசியில் சவுரியம்மாள் வந்தாள். சிரிப்பில்லாத முகத்தோடு அவளை வேணி பார்த்தது அதுதான் முதல் தடவை.

"ஏண்டி வர்றதில்ல?"

"என்னால முடியலக்கா. விட்டுட்டேன்."

"உன் வேலைய நான் கேக்கல. எவனோ ஒருத்தன் விடிகாலம் பைக்கை நிறுத்திட்டுக் கரைமேல வந்து நிக்கிறான். செல்லுல லைட் அடிக்கிறான். நாலு நாளா இதே பேஜாரு. நேத்து ஜெயம் பொண்ணு பயந்துபோய் எழுந்து ஓடி முள்ளுல வுழுந்துடுச்சு. நீ மணியடிச்சிக்கினு மேலயும் கீழயும் போய்க்கினு இருந்தப்போ ஒரு நாயி வந்துச்சா? நீ ஓடணும்."

"இன்னா, அவளை வாட்ச்மேனா வெச்சிருக்கீங்களா?" அஞ்சம்மாள் முறத்தை வைத்துவிட்டு எழுந்துவிட்டாள். "சம்பளம் குடுக்கறீங்களா? அவ ஓட மாட்டா. ஓடினா அப்படியே ஓடிப் போயிடுவா!"

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவளுக்கே தெரிந்தது போலிருந்தது. முறத்தை எடுத்துக்கொண்டு பின்பக்கம் போய்விட்டாள். சவுரியம்மாள் கொண்டு வந்திருந்த மணியைத் தரையில் வைத்துவிட்டுக் கிளம்பினாள்.

வேணி வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள். வேலை கிடைத்தால் எங்கே டிரெய்னிங், எந்த ஊரில் போஸ்டிங் என்று யாருக்கும் தெரியாது. அங்கே மாமியாரை வைத்துக்கொள்ள விடுவார்களா என்று யாரைக் கேட்பது? வேலை கிடைக்காவிட்டால், இரண்டு பேரும் இந்த வீட்டில் கொல்லை வேலைக்குப் போய்க்கொண்டே கிழவிகளாகலாம். மாமியார் ஏற்கெனவே ஆகிவிட்டாள்.

மறுநாள் விடிகாலையில் மணியைக் கட்டிக்கொண்டாள். போலீஸ் வேலைக்காக என்று தனக்கே சொல்லிக்கொள்ளவில்லை. முள்ளில் விழுந்த பெண்ணை நினைத்துக்கொண்டு போனாள்; அது சுலபமாக இருந்தது.

பைக்குக்காரன் அன்றைக்கும் வந்தான். மணிச் சத்தம் தன்னை நோக்கி வருவதைக் கேட்டதும் லைட்டை அணைத்துவிட்டுப் போய்விட்டான். அப்புறம் வரவில்லை. ஆனால் வேணிக்கு ஒரு புதுச் சங்கடம் வந்து சேர்ந்தது. முன்பெல்லாம் மூச்சு வாங்கினால் நின்றுவிடலாம். இப்போது நின்றால் மணி நிற்கும். மணி நின்றால் சரிவிலிருந்து குரல் வரும்: "ஏ, இன்னாடி ஆச்சு? யாராவது வர்றானா?" பாதிப் பேர் எழுந்தே நிற்பார்கள். அதற்காகவே நிற்காமல் போகப் பழகினாள். ஓட முடியாதபோது நடந்தாள்; நடக்கிறபோதும் மணி அடித்தது. கொஞ்சம் கொஞ்சமாக நடக்கிற தூரம் குறைந்தது. விலாக் குத்தல் போகவில்லை. அது கூடவே ஓடி வந்தது, அவ்வளவுதான்.

தேர்வு நாளன்று அஞ்சம்மாள் புடவை மாற்றிக்கொண்டு நின்றாள். "நானும் வர்றேன்."

"வெயில்ல அங்க எங்க அத்தை நிப்பே? நான் போயிட்டு வந்துடுறேன்."

"வர்றேன்னு சொன்னா வர்றேன்."

விழுப்புரத்தில் மைதானத்துக்குள் வெளியாட்களை விடவில்லை. அஞ்சம்மாளைக் கேட்டுக்கு எதிரே டீக்கடை நிழலில் உட்கார வைத்துவிட்டு வேணி உள்ளே போனாள். உயரம் பார்த்தார்கள், சான்றிதழ் பார்த்தார்கள், மார்பில் நம்பர் ஒட்டினார்கள். அவளுடைய வரிசையைக் கூப்பிடுவதற்குள் வெயில் உச்சிக்கு வந்துவிட்டது. தேவயானி முன்பே ஓடி முடித்திருந்தாள். தூரத்திலிருந்து கையைக் காட்டினாள்.

விசில் அடித்தது. மணிச் சத்தமே இல்லாமல் ஓடுவது வேணிக்கு விநோதமாக இருந்தது. முதல் வளைவில் எல்லோரும் முன்னால் போய்விட்டார்கள். வழக்கமான இடத்தில் நெஞ்சு அடைத்தது. நிற்கலாம், இங்கே நின்றால் யாரும் எழுந்து நிற்கப் போவதில்லை. நின்றுவிட்டால் மாமியாரோடு பஸ் ஏறிவிடலாம், கருவாட்டுக் குழம்புக்குப் போய்விடலாம். எல்லோருக்கும் அதுதான் நல்லதோ என்னவோ. அந்த யோசனை ஓடிக்கொண்டிருக்கும்போதே காலும் ஓடிக்கொண்டிருந்தது. கடைசி வளைவில் முதுகுக்குப் பின்னால் இளைப்புச் சத்தம் ஒன்று கேட்டது. இத்தனை நாளில் அவளுக்குப் பின்னால் ஒருத்தி இருந்தது அதுதான் முதல் தடவை. திரும்பிப் பார்க்கவில்லை. கோட்டைத் தாண்டி, அதற்கு அப்பாலும் நிற்கத் தெரியாமல் ஓடினாள். ஒரு பெண் போலீஸ் கையைப் பிடித்து நிறுத்தினார். "போதும்மா, போதும். அந்தப் பக்கம் போய் உக்காரு."

"எந்தப் பக்கம் மேடம்? வீட்டுக்கா?"

"பாஸானவங்க பக்கம்மா," என்றார் அந்த அம்மாள்.

பெயர் எழுதி, கையெழுத்து வாங்கி, அடுத்த தேர்வுக்கு மறுநாள் வரச் சொல்லி வெளியே விடும்போது பொழுது சாய ஆரம்பித்துவிட்டது. டீக்கடை நிழல் எப்போதோ நகர்ந்து போயிருந்தது. அஞ்சம்மாள் அதே இடத்தில் வெயிலில் உட்கார்ந்திருந்தாள். வேணியைப் பார்த்ததும் எழவில்லை.

"தேறிட்டே இல்ல," என்றாள்.

"யாரு அத்தை சொன்னாங்க?"

"டீக்கடைக்காரரு சொன்னாரு. சீக்கிரம் வெளிய வர்ற பொண்ணுங்க எல்லாம் பெயிலானவங்களாம். தேறினவங்க கடைசியிலதான் வருவாங்களாம்." முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். "காலையிலேர்ந்து வெளிய வர்ற ஒவ்வொருத்தி மூஞ்சியையும் பார்த்துக்கினே இருந்தேன். இதுல நீ இருப்பே, இதுல நீ இருப்பேன்னு."

வேணி அவள் பக்கத்தில் மண்ணிலேயே உட்கார்ந்தாள். திட்டுவதா, அழுவதா என்று தெரியவில்லை. அஞ்சம்மாளும் தன் ஆசையை மறைக்கவில்லை, சொன்னதைத் திரும்ப எடுத்துக்கொள்ளவும் இல்லை.

"நாளைக்கும் வரணும் அத்தை. இன்னும் தாண்டுறது, எறியறது எல்லாம் இருக்குது."

"ம்."

"நீ வீட்ல இரு. வெயில்ல காஞ்சு போயிட்டே."

அஞ்சம்மாள் கேட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். உள்ளே இன்னொரு வரிசைக்கு விசில் அடித்தது.

"இல்ல, வர்றேன்," என்றாள். "இங்கயே குந்திக்கினு இருப்பேன். நீ எப்ப வர்றியோ வா."