புக்கிட் ரோத்தான் தேன்

தகரக் கதவில் எதுவோ டமாரென்று மோதிய சத்தத்தில் நாகமணியின் கையிலிருந்த தேனடை நழுவிப் புல்லில் விழுந்தது. பெட்டியிலிருந்து தேனீக்கள் சீறிக் கிளம்பின. கழுத்தில் இரண்டு கொட்டு வாங்கிக்கொண்டுதான் திரும்பிப் பார்த்தான்.

மோட்டார் சைக்கிளை வேலியில் போட்டுவிட்டுத் தென்னைகளுக்கிடையே ஓடி வந்தான் சிவானந்தம், தங்கை கங்காவின் புருஷன்.

"மச்சான், பையன கிள்ளான் ஆஸ்பத்திரியில சேத்திருக்கு. பால் குடிக்கல, கழுத்து துவண்டு போச்சு. தேன் குடுத்தீங்களான்னு டாக்டர் கேக்குறாங்க."

"என் தேனா?"

"எங்க வீட்ல வேற யார் தேன் இருக்கு?"

ஒரு போத்தலை எடுத்துக்கொண்டு பின்னால் ஏறினான். புகை காட்டி ஈக்களை ஒதுக்கி, மெழுகு மூடிய அடையை மட்டும் எடுத்து, ஒரு துளி தண்ணீர் படாமல் வடிகட்டுகிறவன் அவன். இருமலுக்கும் தீப்புண்ணுக்கும் புக்கிட் ரோத்தான் ஊர்க்காரர்கள் அவனிடம்தான் வருவார்கள். கங்கா பிள்ளை பெற்றதும், அவள் பிரசவ மருந்தைக் குழைத்துச் சாப்பிட ஒரு போத்தல் கொண்டுபோய்க் கொடுத்தவனும் அவன்தான்.

டாக்டர் திலகம் போத்தலை வாங்கி முகர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"கலப்படம்னு யாரும் சொல்லலங்க. சுத்தமான தேன்லயும் ஒரு கிருமியோட வித்து இருக்கலாம். நம்மள ஒண்ணும் செய்யாது. ஒரு வயசு ஆகாத பிள்ளைக்கு வயித்துல முளைச்சு, விஷமாகி, நரம்பெல்லாம் தளர்ந்திடும்."

நாகமணி எட்டு வருடமாகத் தேன் எடுக்கிறான். இதை யாரும் அவனுக்குச் சொன்னதில்லை.

"தேன் சாப்பிட்டிருந்தா இந்த மருந்த ஏத்தக் கூடாது, மூச்சு இன்னும் தளர்ந்திடும். வேற காய்ச்சல்னா இப்பவே ஏத்தணும். நிச்சயமா சொல்லுங்க," என்றார் டாக்டர், மேசையிலிருந்த மருந்துத் தட்டைக் காட்டி.

முந்திக்கொண்டு பேசியவர் சிவானந்தத்தின் அண்ணன் இருசப்பன். காலையிலேயே அவர்மேல் சம்சுச் சாராய வாடை அடித்தது.

"தேனெல்லாம் இல்ல டாக்டர். பொறந்தன்னைக்கு நான்தான் நாக்குல தொட்டு சேனை வச்சேன். வெறும் சீனித்தண்ணி. சேனை வச்சவன் குணந்தானே பிள்ளைக்கு வரும்? எங்க வீட்டுக் குணம் எங்க பிள்ளைக்கு வரட்டும்லா."

"அதோட சரி, டாக்டர்," என்றான் சிவானந்தம்.

டாக்டர் தலையசைத்தார். நர்ஸ் மருந்துத் தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே நடந்தாள். கண்ணாடிக்கு அப்பால் மூன்று மாதப் பிள்ளை அழக்கூடத் தெம்பில்லாமல், பாதி இமை மூடிக் கிடந்தது.

நாகமணி தங்கையைப் பார்த்தான். அவள் டாக்டரைப் பார்க்கவில்லை, பிள்ளையையும் பார்க்கவில்லை. இருசப்பனையே பார்த்துக்கொண்டு நின்றாள். சேலைத் தலைப்பு அவள் விரலில் கயிறாக முறுகியிருந்தது.

"கொஞ்சம் நில்லுங்க மிஸ்ஸி," என்று நர்ஸை நிறுத்தினான். "கங்கா, யாரு கோவிச்சாலும் நான் பாத்துக்கிறேன். சொல்லும்மா."

அவள் அண்ணன் பக்கம் திரும்பினாள்.

"சேனை வச்ச பெரிய மாமா மாதிரி இவனும் குடிகாரனா வந்திடக் கூடாதுன்னு, உன் பேரச் சொல்லி தினம் காலையில நாக்குல தேன் தொட்டு வச்சேண்ணே."