மூன்றாவது தடவை கேட்டபோது

ஹார்லன் பிரெக்கேயை அன்று மீன் பிடிக்க இழுத்துக்கொண்டு போனது அவன் மனைவி ஏவிஸின் தங்கை கொரின்தான். அவனுக்கு மீனும் வேண்டியிருக்கவில்லை, ஏரியும் வேண்டியிருக்கவில்லை. எங்காவது ஒரு மூலையில் எட்டு மணி நேரம் விழுந்து தூங்க வேண்டும், அவ்வளவுதான். ஆனால் தேவாலயத்திலிருந்து ஓர் அம்மாள் மெனக்கெட்டு வந்து, ஒன்பது மணி வரை ஏவிஸைப் பார்த்துக்கொள்கிறேன் என்று உட்கார்ந்திருக்கும்போது, நான் போய்ப் படுக்கிறேன் என்று சொல்ல அவனுக்கு வாய் வரவில்லை. மீன் பிடிக்கப் போகிறேன் என்றால் ஊருக்குப் புரியும். தூங்கப் போகிறேன் என்றால் ஊர் அவனைப் பாவம் என்று பார்க்கும். அதற்கு அவன் செத்துப்போவதே மேல்.

அறுபத்தெட்டு வயது அவனுக்கு. எட்டு மாதமாக ஏவிஸுக்கு இரவு எது, பகல் எது என்று தெரிவதில்லை. முப்பது வருடம் பள்ளிக்கூடச் சமையலறையில் நின்று பிள்ளைகளுக்குப் பரிமாறியவள். மற்றதெல்லாம் மறந்துவிட்டது, அது மட்டும் மறக்கவில்லை. இரவு இரண்டு மணிக்குக் கட்டிலருகே வந்து நின்று, "இன்னும் கொஞ்சம் போடட்டுமா?" என்று கேட்பாள். வேண்டாம் என்று சொன்னால் போய்விடுவாள். அரை மணி கழித்து மறுபடி வருவாள். ஜனவரியில் ஓர் இரவு வெறும் காலோடு பனியில் இறங்கித் தபால் பெட்டி வரை நடந்துவிட்டாள். அன்றிலிருந்து வாசல் கதவில் ஹார்லன் ஒரு மணியைக் கட்டி வைத்திருக்கிறான். அவன் தூக்கமெல்லாம் அந்த மணிக்கும் அடுத்த மணிக்கும் நடுவில்தான்.

கொரினின் பழைய டிரக் உறைந்த ஏரியின் மேல் ஊர்ந்து போய்க்கொண்டிருந்தது. பனிக்கட்டியின் மேல் ஓட்டும்போது யாரும் பெல்ட் போடுவதில்லை, ஜன்னலையும் மூடுவதில்லை; பனி உடைந்தால் உடனே வெளியே குதிக்க வேண்டுமே. குளிர் காதைப் பிய்த்தது.

"ஏவிஸை என்கிட்ட விட்டுடேன் ஹார்லன்" என்றாள் கொரின், முன்னால் பார்த்தபடியே. "ஏரி உருகற வரைக்குமாவது."

"சேச்சே, உனக்கு எதுக்குச் சிரமம். எப்படியோ ஓட்டிக்கிட்டு இருக்கோம்ல."

கொரின் தலையாட்டினாள். ஹார்லனும் தலையாட்டினான். இரண்டு பேருக்கும் தெரியும், இது முதல் தடவை.

எங்கள் பக்கத்து மனிதர்களின் கிறுக்குத்தனம் இது. ஒருவர் ஒன்றைக் கொடுக்க வந்தால் முதல் தடவை வேண்டாம் என்பார்கள், அது மரியாதை. இரண்டாவது தடவையும் வேண்டாம் என்பார்கள், அது வளர்ப்பு. மூன்றாவது தடவையும் கேட்டால்தான் மனதாரக் கேட்கிறார்கள் என்று பொருள். அப்போது, "நீங்க இவ்வளவு சொல்றதால சரி" என்று முனகிக்கொண்டே வாங்கிக்கொள்ளலாம். ஒரு வாய் காப்பிக்கே இந்தக் கூத்து நடக்கும். மூன்றாவது தடவையும் வேண்டாம் என்றுவிட்டால் அதோடு அந்தப் பேச்சு முடிந்தது. நான்காவது தடவை கேட்பவர் அடுத்த வீட்டு விஷயத்தில் மூக்கை நுழைக்கிறவர். இந்த வழக்கத்தை ஏற்படுத்தியவன் யாரோ தெரியாது. நிச்சயமாக நன்றாகச் சாப்பிட்டு நன்றாகத் தூங்கியவனாக இருக்க வேண்டும்.

கொரினின் மீன்வீடு ஏரியின் அக்கரையிலிருந்து கூப்பிடு தூரத்தில் நின்றது. உள்ளே உட்கார்ந்து மீன் பிடிப்பதற்காகப் பனிக்கட்டியின் மேல் நிறுத்திய, ஒட்டுப்பலகையில் அடித்த சின்ன அறை. அடியில் தண்ணீர் ஐந்தடிதான். மற்றவர்களெல்லாம் ஏரி நடுவில் முப்பதடி ஆழத்துக்கு மேல் வீட்டை நிறுத்திவிட்டு, பாட்டுப் போட்டுக்கொண்டு பீர் குடிப்பார்கள். கொரின் அப்படியல்ல. இருட்டியதும் வால்ஐ மீன்கள் பொடி மீன்களைத் துரத்திக்கொண்டு கரையோரம் வரும் என்று அவளுக்குத் தெரியும். கண்ணாடிக் குண்டு போன்ற கண் அதற்கு. நமக்குக் கும்மிருட்டாக இருக்கும்போதுதான் அதற்கு வேட்டை. ஒன்றரை மணி நேரம் மேயும், பிறகு போய்விடும். ஆனால் ஐந்தடித் தண்ணீரில் மேலே ஒரு கால் தட்டினாலும் கீழே கேட்கும். அதனால் பனியில் தூண்டில் துளைகளை வெளிச்சம் இருக்கும்போதே போட்டுவிட வேண்டும்.

நாலு மணிக்கு ஆளுக்கொரு துளையிடும் மிஷினோடு துளை போட்டார்கள். கொரின் இரண்டு போட்டு முடித்தபோது ஹார்லன் முதல் துளையில் பாதியில் நின்றிருந்தான்.

"கீழ்த்தள ரூம் சும்மாதான் கிடக்கு" என்றாள் கொரின். "என் பையன் டென்னிஸ் வெளியூர் போனதுக்கப்புறம் அங்க யாரும் படுக்கறதில்ல. ஏவிஸுக்கு அது சரியா இருக்கும்."

"நீயும் வயசானவ. இருக்கட்டும்."

"யாரு வயசானவ? மிஷினைக் கட்டிப் பிடிச்சுக்கிட்டு நிக்கிறது நீ. கொண்டா இங்க."

இரண்டாவது தடவை. ஹார்லனுக்கு மார்பில் ஏதோ இளகியது. இன்னும் ஒன்றுதான். "நீ இவ்வளவு சொல்றதால சரி" என்று மனதுக்குள் ஒருமுறை சொல்லிப் பார்த்துக்கொண்டான். ரொம்ப ஆவலாகத் தெரியக் கூடாது. ரொம்பத் தயங்கவும் கூடாது. அவள் மனம் மாறிவிடப் போகிறது.

வீட்டின் அடியில் வெளிச்சம் கசியாதபடி சுற்றிலும் பனியை வெட்டி அணைத்தார்கள். உள்ளே போனதும் பூட்ஸைக் கழற்றிக் கம்பளிக் காலுறையோடு உட்கார்ந்தார்கள். விளக்கின் மேல் கொரின் ஒரு துணியைப் போட்டாள். இனிமேல் பேச்சு கிடையாது. இந்த விஷயத்தில் அவளிடம் தாட்சண்யம் எதிர்பார்க்க முடியாது. தும்மினான் என்பதற்காகச் சொந்தக் கணவனையே ஒரு மணி நேரம் வெளியே நிற்க வைத்தவள்.

இருட்டியது. கால் மணிக்குள் கொரின் ஒரு மீனை எடுத்தாள். பிறகு இன்னொன்று. சத்தமே இல்லாமல் எடுத்து, சத்தமே இல்லாமல் வாளியில் போட்டாள். ஹார்லன் தொப்பியை நெற்றிக்கு இறக்கிக்கொண்டு தன் தக்கையைப் பார்த்தான். இப்போது அவள் கேட்க மாட்டாள். மேய்ச்சல் முடிந்து திரும்பும்போது டிரக்கில் கேட்பாள். ஹீட்டரின் சூடு முழங்காலில் ஏறிக்கொண்டிருந்தது. தக்கை ஆடாமல் நின்றது. அவன் கண்ணை ஒருமுறை மூடித் திறந்தான்.

மணி அடித்தது.

ஹார்லன் துள்ளி எழுந்தான். ஏவிஸ் கதவைத் திறந்துவிட்டாள், வெளியே பனி, வெறும் கால். அவன் உட்கார்ந்திருந்த வாளி உருண்டு சுவரில் மோதியது. கதவுத் தாழ்ப்பாளில் அவன் கை இருந்தது. அப்போதுதான் கொரின் முழங்காலிட்டு, சுவரில் மாட்டிய நூல்சுற்றியிலிருந்து நூலைக் கைக்குக் கை இழுத்துக்கொண்டிருப்பதைப் பார்த்தான். அந்த நூல்சுற்றியில் ஒரு சின்ன மணி இருந்தது. மீன் இழுத்தால் அடிக்கும்.

நூல் தொய்ந்துபோனது. மீன் போய்விட்டது. அந்த வாளிச் சத்தத்துக்கு மற்ற மீன்களும் போயிருக்கும்.

ஹார்லன் திட்டுக்குக் காத்திருந்தான். கொரின் திட்டவில்லை. அவனைப் பார்க்கவும் இல்லை. நூலைச் சுற்றி வைத்தாள்.

"போதும். கிளம்பலாம்" என்றாள்.

அது அவனுக்குப் பிடிபடவில்லை. கொரின் திட்டாமல் இருந்தால் உள்ளே ஏதோ வலிக்கிறது என்று அர்த்தம். ஒரு மீன் போனதற்கா இவ்வளவு?

டிரக்கில் ஏறினார்கள். ஊர்ப்பக்கக் கரையின் விளக்குகள் ஒவ்வொன்றாக அருகில் வந்தன. கேட்பாள், பனிக்கட்டி பிளந்து மேடிட்ட முகட்டைத் தாண்டியதும் கேட்பாள் என்று ஹார்லன் நினைத்தான். தாண்டியாயிற்று. கேட்கவில்லை. இரண்டு தடவை கேட்டது வெறும் மரியாதைக்குத்தானா? அவளையும் குற்றம் சொல்ல முடியாது. இரவெல்லாம் விழித்திருக்க யாருக்குத்தான் ஆசை?

"இந்தக் குளிர்காலம் முடியவே மாட்டேங்குது" என்றான்.

"ம்."

"அந்தக் கீழ்த்தள ரூமுக்கு நல்லா சூடு வருமா?"

கொரின் வண்டியின் வேகத்தைக் குறைத்தாள். "எதுக்குக் கேக்கறே? மூணு தடவை கேட்டாச்சு ஹார்லன். நீ சொல்ல வேண்டியதைச் சொல்லிட்டே. அதுக்கு மேல நான் என்ன பண்ணட்டும்?"

"ரெண்டு தடவை."

"மூணு. உள்ள கேட்டேன். மீன் வந்துக்கிட்டு இருக்கற நேரத்துல நான் வாயைத் திறந்து பேசினேன். எப்பவாவது அப்படிப் பேசியிருக்கேனா? என்னால பொறுக்க முடியல. ஹார்லன், அவளை என்கிட்டக் கொடுத்துடுன்னு கேட்டேன். நீ தக்கையைப் பார்த்துக்கிட்டே, வேண்டாம், வேண்டாம், இருக்கட்டும்னே. தெளிவா சொன்னே. சரி, என்னை நம்பி அவளைக் கொடுக்க இவனுக்கு இஷ்டமில்லன்னு விட்டுட்டேன்."

டிரக் கரையேறும் சரிவுக்கு வந்துவிட்டது. ஹார்லன் தன் கையுறைகளைப் பார்த்தான். மூன்றாவது தடவை வந்து போய்விட்டது. இனி அந்தப் பேச்சை எடுக்க யாருக்கும் உரிமை இல்லை, அவனுக்கும் இல்லை. வீட்டுக்குப் போகலாம். தேவாலயத்து அம்மாளுக்கு நன்றி சொல்லலாம். கதவில் மணியைச் சரிபார்த்துவிட்டுப் படுக்கலாம். ஏரி உருகும் ஏப்ரல் வரைக்கும், அதற்கப்புறமும்.

"நான் தூங்கிட்டிருந்தேன்" என்றான்.

"என்னது?"

"தூங்கிட்டிருந்தேன் கொரின். நீ கேட்டதே எனக்குத் தெரியாது. ராத்திரி பூரா அவ வந்து போடட்டுமான்னு கேக்கறா. தூக்கத்துலயே வேண்டாம், இருக்கட்டும்னு சொல்லிச் சொல்லிப் பழகிடுச்சு."

கொரின் சரிவின் நடுவிலேயே வண்டியை நிறுத்திவிட்டாள். அவள் ஏதாவது சொல்வாள் என்று அவன் காத்திருக்கவில்லை. காத்திருந்தால் வாய் மறுபடி மூடிக்கொள்ளும்.

"போன செவ்வாக்கிழமை கதவு மணி அடிச்சுது" என்றான். "கேட்டுச்சு. நல்லாவே கேட்டுச்சு. நான் எழுந்திருக்கல."

கொரின் திரும்பி அவனைப் பார்த்தாள்.

"எவ்வளவு நேரம்?"

"தெரியல. படுத்தே கிடந்தேன். போனா போகட்டும்னு கூடத் தோணுச்சு. அப்புறம் ஓடினேன். படியில நின்னுக்கிட்டிருந்தா. கையில கரண்டி." அவன் கையுறையால் முகத்தைத் துடைத்துக்கொண்டான். "என்னால முடியல கொரின். கூட்டிக்கிட்டுப் போயிடு."

எங்கள் ஊரில் இப்படி யாரும் யாரிடமும் கேட்டு நான் பார்த்ததில்லை. கொரினும் பார்த்திருக்க மாட்டாள். ஸ்டீயரிங்கைப் பிடித்தபடி மூக்கை உறிஞ்சினாள்.

"சனிக்கிழமை காலையில வர்றேன். கட்டிலை நகர்த்தணும், படிக்கட்டுக்கு ஒரு தடுப்பு வைக்கணும்."

"இன்னைக்கு" என்றான் ஹார்லன்.

வாழ்நாளில் அவன் எதையும் சீக்கிரம் வேண்டும் என்று கேட்டதில்லை. கொரின் கியரைப் போட்டாள். சாலை பிரியும் இடத்தில் அவன் வீட்டுப் பக்கம் திருப்பினாள்.

"எந்த மாத்திரை எப்பக் கொடுக்கணும்னு சொல்லிக்கிட்டே வா" என்றாள். "ஒண்ணு விடாம."

காலையில் வெள்ளை மாத்திரை, சாப்பாட்டுக்கு முன்னால், என்று ஹார்லன் ஆரம்பித்தான். அதை ஆப்பிள் கூழில் நசுக்கிப் போட்டால்தான் விழுங்குவாள் என்றான். இரண்டாவதைச் சொல்ல வாய் திறந்தவன் அப்படியே கண்ணாடியில் தலை சாய்த்துத் தூங்கிப்போனான். கொரின் ஜன்னலை ஏற்றிவிட்டு வண்டியை மெதுவாக ஓட்டினாள்.