பேனல் கவாத்து

வடகரப்பதியில் இன்பமேரியின் நாற்பது சென்ட் நிலத்துக்கு மேலே நின்ற சோலார் பேனல்கள் துளிர்விட்டது ஜூன் பதினொன்றாம் தேதி, செவ்வாய்க்கிழமை. அன்று வேலந்தாவளம் சந்தையில் தக்காளி கிலோ முப்பத்தெட்டு ரூபாய்க்குப் போனது, கத்தரிக்காயைக் கேட்பாரில்லை, பாலக்காட்டுக் கணவாய் வழியாக வந்த காற்றில் ஒரு வாழைத்தோப்பு சாய்ந்தது. துளிர் முதலில் போல்ட் போடும் ஓட்டைகளில் எட்டிப் பார்த்தது. கட்டைவிரல் நகமளவு, கருநீலம், தொட்டால் கண்ணாடியின் குளிர்ச்சி, ஆனால் வளைந்து கொடுத்தது. இன்பமேரி ஆச்சரியப்படவில்லை. இத்தனை நாள் ஏன் ஆயிற்று என்றுதான் நினைத்தாள். அவள் கணக்குப்படி பத்தாம் நாளே வந்திருக்க வேண்டும், இது பன்னிரண்டாம் நாள்.

இன்பமேரி இடுக்கி மலையில், சக்குபள்ளத்து ஏலக்காட்டில் முப்பத்தொரு வருஷம் வேலை செய்தவள். அவளைப் பெற்றவர்களும் அவர்களைப் பெற்றவர்களும் அதே எஸ்டேட்டில்தான் உழைத்துத் தீர்ந்தார்கள். மூன்று தலைமுறையில் ஒருவர் பேரிலும் ஒரு பிடி மண் கிடையாது. எஸ்டேட் கொடுத்த லயத்து வீட்டுக்குப் பின்னால் அவள் ஊன்றிய கறிவேப்பிலைகூட எஸ்டேட் சொத்தாகத்தான் வளர்ந்தது. ஏலத்துக்கு வெயில் பாதி, நிழல் பாதி வேண்டும். அதனால் வருஷா வருஷம் மே மாதத்தில், மழை பிடிப்பதற்கு முன்பு, நிழல் மரங்களைக் கவாத்து செய்வார்கள். ஆண்கள் ஏறிக் கிளைகளைக் கழிப்பார்கள். எதைக் கழிப்பது, எதை விடுவது என்று கீழே நின்று சொல்வதற்கு ஒரு கண் வேண்டும், அது இன்பமேரிக்கு வாய்த்திருந்தது. வெள்ளைத் துவர்த்துத் துண்டு ஒன்றைத் தரையில் விரித்து, அதில் விழுகிற வெயில் பொட்டுகளைப் பார்த்துச் சொல்லிவிடுவாள். சூப்பர்வைசர்களே அவளைக் கேட்டுத்தான் தலையாட்டினார்கள். அவள் சொல்லி ஏறியவர்களில் ஒருவன்தான் சுவக்கீன், அவள் கணவன். ஒரு மழை வருஷத்தில் பலாமரத்திலிருந்து விழுந்து அவன் இடுப்பு பிசகியது, அதற்குப் பிறகு ஏறவில்லை. அவள் வேலையிலிருந்து நின்ற மாதமே லயத்தைக் காலி செய்யச் சொன்னார்கள். வந்த பணத்தை அப்படியே கொடுத்து, பாலக்காட்டுக்குக் கிழக்கே, தமிழ்நாட்டு எல்லையில், இருப்பதிலேயே மலிவான நிலத்தை வாங்கினாள். மலிவுக்குக் காரணம் வெயில். அங்கே ஈரச்சேலையின் ஒரு தலைப்பைக் கொடியில் போட்டு மறு தலைப்பை இழுத்து விரிப்பதற்குள் முதல் தலைப்பு மொடமொடத்துவிடும். போர் எழுநூறு அடி இறக்கியதில் புழுதிதான் மேலே வந்தது.

அந்த நேரத்தில்தான் ஆராய்ச்சிக்காரர்கள் நிலம் தேடி வந்தார்கள். வறண்ட காட்டில் மேலே மின்சாரம், கீழே வெள்ளாமை, இரண்டும் ஒரே மண்ணில் நடக்குமா என்று பார்ப்பது அவர்கள் வேலை. முன்னால் நின்றவள் எலப்புள்ளிக்காரி கிருத்திகா. அரசாங்கப் பண்ணையில் தற்காலிக வேலை, கழுத்தில் எப்போதும் ஒரு வெப்பமானி, பொய் சொல்ல வராத முகம். ஒன்பதடி உயர இரும்புக் கால்களின்மேல் முந்நூறு பேனல்கள் ஏறின. அதிலிருந்து வழிகிற மழைத்தண்ணீரைக் குட்டையில் பிடித்துச் சொட்டு சொட்டாகக் கீழே விட ஏற்பாடு செய்தார்கள். இன்பமேரிதான் பேனல்களைக் கழுவவும் பயிரைப் பார்க்கவும் ஆள். பேனல் கம்பெனியோடு போட்ட ஒப்பந்தத்தில் ஒரு வரி இருந்தது. மூன்று போகத்தில் ஒன்றிலாவது, பேனலுக்குக் கீழே விளைவது திறந்த வெளியில் விளைவதற்குச் சமமாக வர வேண்டும். வராவிட்டால் இடைவெளிகளை எல்லாம் பேனலால் அடைத்து, தரையில் ஜல்லி கொட்டி, வேலி போட்டுப் பூட்டிவிடுவார்கள். இருபத்தைந்து வருஷத்துக்கு அவள் உள்ளே கால் வைக்க முடியாது, வீட்டிலிருந்தபடி வாடகை வாங்கிக்கொள்ளலாம். சுவக்கீனுக்கு இதில் குறையொன்றும் தெரியவில்லை, உட்கார்ந்து சாப்பிட யாருக்குக் கசக்கும் என்றான். இன்பமேரிக்குக் கசந்தது. அந்த மண்மேல் அவளுக்கு இருந்ததை ஆசை என்று சொன்னால் போதாது. வெறி என்றே சொல்லலாம். தன் மண்ணில் தான் விதைத்துத் தான் பிடுங்காமல் கண்ணை மூடக்கூடாது என்று மாதாவிடம் சண்டைக்கே நின்றாள்.

திறந்த வெளிக்கு ஒப்பீடாகக் குறித்தது வரப்புக்கு அந்தப் பக்கம் இருந்த நாச்சம்மாளின் நாற்பது சென்ட்டை. நாச்சம்மாள் பிறந்ததிலிருந்து கடலைக்காய் போடுகிறவள், நாற்பது ஆட்டுக்குச் சொந்தக்காரி. எப்போதும் செய்வதுபோலச் செய்தால் போதும் என்று கிருத்திகா அவளிடம் விளக்கிச் சொன்னாள். நாச்சம்மாள் எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள், ஆனால் அவள் மனசில் பதிந்தது ஒன்றுதான். மலையிலிருந்து வந்தவளும் தானும் கோதாவில் இறங்கியிருக்கிறோம். முதல் போகத்தில் அவள் தனியாக எதுவும் செய்யவேண்டி வரவில்லை. பேனலுக்குக் கீழே நிலக்கடலைச் செடி முழங்கால் உயரம் பச்சைப்பசேலென்று நின்றது, போட்டோ எடுக்க ஆள் வந்தது, பிடுங்கிப் பார்த்தால் வேரில் இரண்டு காய், மூன்று காய். நிழல் மிஞ்சிப்போனால் செடி இலையில்தான் கிடக்கும். இன்பமேரிக்கு மூன்று மூட்டை, நாச்சம்மாளுக்கு எட்டு. இரண்டாம் போகத்தில் நாச்சம்மாளுக்கு எட்டு பத்தாயிற்று. மண்ணைப் பரிசோதித்த கிருத்திகா, முடிவைப் பார்த்துத் தலையைப் பிடித்துக்கொண்டாள். விதைப்புக்கு முன்னால் ஒரு மாதம் நாற்பது ஆட்டையும் அந்த நிலத்திலேயே பட்டி போட்டு, புழுக்கையும் மூத்திரமுமாக மண்ணை ஊட்டி வளர்த்திருந்தாள் நாச்சம்மாள். இப்படிச் செய்யலாமா என்று கேட்டதற்கு அவள் கொஞ்சமும் கூசவில்லை.

"ஏனுங்க அம்மிணி, போட்டின்னு வந்துட்டா பின்ன என்னங்க பண்ணறது? தோத்துப்போட்டு ஊருக்குள்ள எப்பிடிங்க தலகாட்டறது?"

மிச்சமிருந்தது ஒரு போகம். மே மாதம் பிறந்ததும் இன்பமேரிக்குக் கை அரிக்கத் தொடங்கியது. முப்பத்தொரு மே மாதங்கள் உடம்பில் ஏறியிருந்தால் அப்படித்தான். துவர்த்தை எடுத்துப்போய் பேனலுக்குக் கீழே விரித்தாள். வெயில் பொட்டு காலே அரைக்கால் பங்குக்கு மேல் இல்லை. இதற்குப் போய் ஒரு வருஷம் குழம்பிக் கிடந்தோமே என்று தன்னையே திட்டிக்கொண்டு, கிருத்திகாவிடம் சென்று, மழைக்கு முன்னால் கவாத்து செய்ய வேண்டும் என்றாள். கிருத்திகாவுக்கு முதலில் விளங்கவே இல்லை. விளங்கியதும், எழுதி மேலே அனுப்பினால் பதில் வர மழைக்காலம் முடிந்துவிடும் என்றாள். பிறகு பொறுமையாக, "அக்கா, அது மரமில்லக்கா" என்றாள்.

"நெழல் தருதுல்ல? அப்ப மரந்தான்" என்றாள் இன்பமேரி.

மே இருபத்திரண்டாம் தேதி காலையில், கழுவும்போது செய்வதுபோலவே மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு, ஸ்பேனரை இடுப்பில் செருகிக்கொண்டு ஏணியில் ஏறினாள். மலையில் பெண்கள் ஏறுவது வழக்கமில்லை. ஆயுள் முழுக்கக் கீழே நின்றவள் மேலே போனாள், ஆயுள் முழுக்க மேலே நின்றவன் கீழே துவர்த்தை விரித்து அண்ணாந்து நின்றான். வாடகைப் பணத்துக்குத் தலையாட்டிக்கொண்டிருந்த சுவக்கீனுக்கு அந்த நிமிஷத்தில் என்னவோ ஆயிற்று. இடுப்பு வலியை மறந்து பழைய குரலில் அதட்ட ஆரம்பித்துவிட்டான்.

"ஏ இன்பம், வடக்க ரெண்டாவது. அதக் கழி."

"இது நல்லால்ல இருக்கு? எதுக்குக் கழிக்கணும்?"

"நல்லா இருக்கதத்தான் கழிக்கணும். கீழ கெடக்கறதும் உசுருதான."

ஒன்பது நாளில் தொண்ணூறு பேனல்கள். ஒவ்வொன்றையும் மலையில் கிளை இறக்குகிற அதே கயிற்றுக் கட்டில் கட்டி இறக்கினார்கள், ஒரு கண்ணாடிகூடக் கீறவில்லை. மிச்சமிருந்த வயர்களைச் சேர்த்து முறுக்கி, வெட்டுவாயில் பூசுவதுபோலச் சாணியும் செம்மண்ணும் குழைத்துப் பூசினாள். அது எதற்கு என்று யாரும் கேட்கவில்லை. ஜூன் மூன்றாம் தேதி பேனல் கம்பெனி இன்ஜினியர் ஜோஜோ வந்தான். முந்நூறு இருக்க வேண்டிய இடத்தில் இருநூற்றுப் பத்து. வாய்க்கு வந்தபடி கத்தினான். பதினைந்து நாளில் முந்நூறும் மேலே இருக்க வேண்டும், இல்லாவிட்டால் போலீஸ் வரும், மூன்றாம் போகம் கிடையாது, நேரே ஜல்லிதான் என்று சொல்லிவிட்டுப் போனான். கழித்ததைத் திரும்ப ஒட்டவைக்கிற வழக்கம் எந்தக் காட்டிலும் இல்லை என்று இன்பமேரி ஸ்பேனரைத் தொடவில்லை. ஆனால் பயம் இருந்தது. அந்த எட்டு நாளும் சோறு இறங்கவில்லை, ஜெபமாலை கையை விட்டு இறங்கவில்லை.

அதற்குப் பிறகுதான் செவ்வாய்க்கிழமை வந்தது. துளிர்கள் பொறுமையாகவே வளர்ந்தன. மூன்றாம் நாள் உள்ளங்கை அளவு, ஐந்தாம் நாள் வாழைக்குருத்துபோலச் சுருண்டு நின்று மத்தியான வெயிலில் மெதுவாக விரிந்தன. இளம் பேனல் முற்றியதைப்போல முரட்டுக் கறுப்பு இல்லை, வெயிலைப் பாதி வாங்கிப் பாதி கீழே விட்டது. மின்சாரம் குறையவில்லை, மீட்டர் முன்னைவிடக் கொஞ்சம் வேகமாகவே ஓடியது. நாச்சம்மாளின் ஆடு ஒன்று வரப்பைத் தாண்டி வந்து தாழ்வாகத் தொங்கிய மூன்று துளிர்களைத் தின்றது. அந்த வாரம் முழுக்க அதன் பால் மடியிலிருந்தே கொதிக்கக் கொதிக்க வந்தது, காய்ச்சுகிற வேலை மிச்சம் என்று நாச்சம்மாள் அதைப் பெரிதுபடுத்தவில்லை. கிருத்திகா தினமும் ஸ்கேலை வைத்து அளந்தாள். அவளுடைய அட்டவணையில் பயிருக்கு உயரம், இலை, பூ என்று கட்டங்கள் இருந்தன. பேனலுக்கு அப்படி ஒரு கட்டம் இல்லாததால் புதிதாக ஒன்று கோடு போட்டுச் சேர்த்தாள். அதிலும் கண்டதைத்தான் எழுதினாள்.

பதினெட்டாம் தேதி ஜோஜோ இரண்டு போலீஸ்காரர்களோடு வந்து மேலே எண்ணினான். முந்நூற்றுப் பன்னிரண்டு. திரும்ப எண்ணினான், அதே முந்நூற்றுப் பன்னிரண்டு. போலீஸ்காரரில் மூத்தவர் தானும் ஒருமுறை எண்ணிவிட்டு, காணாமல் போனால்தான் கேஸ், கூடுதலாக இருந்தால் அதற்குச் சட்டத்தில் இடமில்லை என்று சொல்லி மோர் வாங்கிக் குடித்தார். கழித்து அடுக்கியிருந்த தொண்ணூறையும் ஜோஜோ லாரியில் ஏற்றிக்கொண்டு போனான். போகும்போது பின்னால் திரும்பித் திரும்பிப் பார்த்தான்.

இரண்டு நாள் கழித்து மழை ஒரு கை தெளித்தது, விதைத்தார்கள். நாச்சம்மாள் இந்த முறை இரண்டு மாதம் பட்டி போட்டிருந்தாள், பற்றாததற்கு அண்ணன் வீட்டு ஆடுகளையும் ஓட்டி வந்திருந்தாள். அவள் காட்டில் செடி இதுவரை இல்லாத செழிப்பாக எழுந்தது. ஜூலையில் மழை ஏமாற்றி இருபத்தாறு நாள் முழு வெயில் அடித்தபோது அவள் மண் பாளம் பாளமாக வெடித்தது, செடிகள் மத்தியானத்தில் தலை தொங்கின. இந்தப் பக்கம் இளம் பேனல்களுக்குக் கீழே மண் சில்லென்று இருந்தது. இன்பமேரி விடிந்ததும் போய் மண்ணில் கையைப் புதைத்துப் பார்த்துவிட்டு வருவாள். அக்டோபர் முதல் வாரம் பிடுங்கினார்கள். முதல் செடியைச் சுவக்கீன் பிடுங்கினான், மண்ணை உதறினான், காயை எண்ணப் போனவன் பாதியில் நிறுத்திவிட்டுச் செடியை அப்படியே அவள் கையில் கொடுத்தான். கொத்துக் கொத்தாகக் காய். கிருத்திகா முன்னால் எடை போட்டார்கள். நாச்சம்மாளுக்குப் பதினொரு மூட்டை, அவள் ஆயுளிலேயே அதிகம். இன்பமேரிக்குப் பதிமூன்று. இன்பமேரி மூட்டைமேல் உட்கார்ந்து வாய்விட்டு அழுதாள், பிறகு அதே வேகத்தில் வாய்விட்டுச் சிரித்தாள். கிருத்திகா தானும் அழுதுகொண்டே எடையை எழுதினாள். ஜல்லி ஏற்றி வந்த இரண்டு லாரிகள் வந்த வழியே திரும்பிப் போயின.

நாச்சம்மாள் இரண்டு நாள் வெளியே தலைகாட்டவில்லை. மூன்றாம் நாள் காலையில் நனைத்த சாக்கு ஒன்றைத் தோளில் போட்டுக்கொண்டு வரப்பில் வந்து நின்றாள். கொஞ்ச நேரம் வானத்தைப் பார்த்தாள், கொஞ்ச நேரம் ஆட்டைப் பார்த்தாள்.

"ஏனுங் மேரி, எனக்கொரு கொம்பு குடுங்க. நம்மூட்டுக் காட்டுல வெச்சுப் பாக்கறேன். வந்தா வருது, வராட்டிப் போகுது."

இன்பமேரி ஒரு சாண் இரும்போடு சேர்ந்த நல்ல துளிராகப் பார்த்து ஒன்றுக்கு மூன்றாக அறுத்து, அடியில் சாணி பூசி, சாக்கில் சுற்றிக் கொடுத்தாள். மூன்றும் பிடித்தன. அடுத்த வருஷம் கிழக்கே எல்லைச் சாவடி வரைக்கும் கொம்பு போனது. எலப்புள்ளியிலிருந்து டெம்போ பிடித்து வந்து வாங்கிப் போனார்கள். களிமண்ணில் கொஞ்சம் தாமதமாகப் பிடிக்கும், ஆட்டுப்பட்டி போட்ட மண்ணில் சீக்கிரம் பிடிக்கும் என்பதை நாச்சம்மாள்தான் கண்டுபிடித்தாள், கிருத்திகா அதை அவள் பெயரிலேயே கட்டுரையில் போட்டாள். கட்டுரை மூன்று இடத்தில் திரும்பி வந்தது, நாலாவது இடத்தில் ஏற்றுக்கொண்டார்கள். மே மாதம் ஆனால் ஊரெங்கும் ஸ்பேனர் சத்தம் கேட்கும். பெண்கள்தான் ஏறுவார்கள், அது எப்படியோ அப்படியே வழக்கமாகிவிட்டது. கீழே துவர்த்தோடு நிற்பதற்குச் சுவக்கீனைப் பத்து ஊரில் கூப்பிட்டார்கள்.

அதற்கும் மறு வருஷம் நிலங்களைப் புதிதாகப் பதிவேட்டில் ஏற்ற வில்லேஜ் ஆபீசர் வந்தார். குடையை மடக்கி வைத்துவிட்டு, பேனல்களுக்குக் கீழே நாற்காலி போட்டு உட்கார்ந்து, படிவத்தைத் தொடையில் வைத்துக்கொண்டார். உரிமையாளர் பெயர் கேட்டார், இன்பமேரி முழுப்பெயரையும் ஒவ்வொரு எழுத்தாகச் சொன்னாள். நிலத்தின் வகை என்ற இடத்தில் தொழிற்சாலை, தரிசு என்று முன்பே அச்சடித்திருந்த இரண்டையும் அடித்துவிட்டுத் தோட்டம் என்று எழுதினார். மரங்கள் என்ற கட்டத்தில் தென்னை நாலு, முருங்கை இரண்டு என்று எழுதி, மேலே பார்த்து எண்ணி, பேனல் முந்நூற்று நாற்பத்தொன்று என்று எழுதினார். அடுத்த கட்டத்துக்கு வந்ததும் பேனாவைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, மரங்களின் வயசு என்ன என்று கேட்டார்.

"துளிர்த்ததுல மூத்தது ரெண்டு வருசம் சார்" என்றாள் இன்பமேரி. "எளசெல்லாம் இந்த மே மாசக் கவாத்துக்கு வந்தது." அவர் அப்படியே எழுதிக்கொண்டார்.